அங்கிள் நடத்தும் டே கேர்

அமரவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாசனச் சானல் கரையோரமாகப் போகும் ரோட்டில் நடந்தால் பச்சை கேட் போட்ட ஒரு டெரஸ் வீடு வரும். கேட்டில் 'குருவிக்கூடு டே கேர்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்கள் அந்த கேட்டில் நின்று முதலில் கேட்பது ஒன்றுதான்.

"டீச்சர் இல்லியா?"

"நான்தான் நடத்துதேன். உள்ள வாங்க," என்பான் அஜீஷ்.

அவர்கள் அவனுடைய தோளைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். சமையல்கட்டிலிருந்து எலிசாளக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் அவர்கள் முகம் இளகும். எலிசாள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். ஆனாலும் வருகிறவர்கள் சந்தேகங்களையெல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள்.

அஜீஷின் மனைவி சிஜிக்கு ஜங்ஷனில் பேட்டரி கடை. ஆட்டோ, லாரி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் அங்கே பேட்டரி கிடைக்கும். அவளுடைய அப்பா நடத்திய கடை அது. அவர் இறந்ததும் அவள் எடுத்துக்கொண்டாள். அங்கே வருகிற லாரிக்காரர்களும் கேட்பார்கள்: "ஆளு இல்லியாம்மா?" சாப்பிட உட்காரும்போது, அன்றைக்கு யார் யார் அப்படிக் கேட்டார்கள் என்று இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு அஜீஷுக்கு ஒன்று தோன்றும். சிஜிக்கு வேலை தெரியாது என்று நினைத்துத்தான் ஜனங்கள் அவளை நம்புவதில்லை. அவள் மூடியைக் கழற்றி, 'ஒரு செல் செத்துப்போச்சு' என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அவன்மேல் உள்ள சந்தேகம் வேறு. அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாத ஒன்றுக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

டே கேர் தொடங்க வேண்டும் என்று அவன் திட்டம் போட்டதே இல்லை. துபாயில் ஒரு கோடவுனில் வேலை பார்த்தவன். கொரோனா காலத்தில் வேலை போய்த் திரும்பி வந்தபோது சிஜி கடையில் இருந்தாள். மகன் ரெனி கைக்குழந்தை. அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி உறங்க வைத்தது அஜீஷ்தான். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருநாள் தன் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அவளோடு வேலை பார்க்கும் கூட்டுக்காரி. ரெனி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொண்டார்கள். அந்த வேலை தனக்கு நன்றாக வருகிறது என்பது அவனுக்கே ஆச்சரியம்தான்.

ஆனால் அவன் பயந்து பயந்துதான் நடத்தினான். பிள்ளைகள் இருக்கும் அறைக் கதவைச் சாத்தவே மாட்டான். யாரையும் மடியில் வைத்துக்கொள்ள மாட்டான். பெண்பிள்ளைகளை பாத்ரூமுக்குக் கூட்டிப் போவதும், உடுப்பு மாற்றுவதும் எலிசாளக்காவின் வேலை. அதில் அவன் கை படாது. ஹாலிலும் வராந்தாவிலும் கேட்டிலும் கேமரா வைத்து, தாய்மார்கள் தங்கள் போனிலேயே பார்க்கும்படி செய்திருந்தான். பாத்ரூம் இருக்கும் பின்பக்கத்தில் மட்டும் கேமரா இல்லை. ஒரு ஆண் அங்கே கேமரா வைத்தால் ஜனங்கள் அதற்கு வேறு பேர் வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

மாசி மாதத்து வெயில் கொளுத்திய ஒரு மதியம். வாழைக்கும் வயலுக்கும் வேண்டி அன்று காலையில்தான் சானலில் தண்ணீர் திறந்து விட்டிருந்தார்கள். பிள்ளைகள் சோறு தின்றுவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். எலிசாளக்காவுக்கு போன் வந்தது. ரப்பர் வெட்டப் போன அவள் புருஷன் மயங்கி விழுந்துவிட்டாராம். யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

"ஒரு ஓட்டம் போய்ப் பாத்துட்டு வந்திருதேன் தம்பி. பிள்ளைகளெல்லாம் ஒறங்கியாச்சுல்லா," என்றாள். அழத் தொடங்கியிருந்தாள்.

போக வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "போங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றான். அவள் குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். டே கேர் என்று ஆன பிறகு பிள்ளைகளோடு அவன் தனியாக இருந்ததே இல்லை. வாசற்கதவை அகலத் திறந்து வைத்து, கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மீனு எழுந்து வந்தாள். மூன்று வயது முடிந்த பிள்ளை. அவளுடைய அம்மா ரெம்யா திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை பார்க்கிறாள். அப்பா வெளிநாட்டில்.

"அங்கிள், மூத்ரம்."

அஜீஷ் கேட்டைப் பார்த்தான். ரோட்டில் யாருமில்லை. "எலிசாள் ஆண்டி இப்ப வந்திருவாங்க மோளே. ஒரு கொஞ்சம் பொறுத்துக்கிடுவியா?"

மீனு கால்களை இடுக்கிக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் மறுபடியும் கேட்டைப் பார்த்தான். அப்போது தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டினான். அதன் அழுகை அடங்கப் பாடுபட வேண்டியிருந்தது. அடங்கியதும் திரும்பிப் பார்த்தான். மீனு நின்ற இடத்தில் மீனு இல்லை. அவள் பாயிலும் இல்லை.

முதலில் அவனுக்குப் பயம் வரவில்லை. பாத்ரூமுக்குத் தனியாகப் போயிருப்பாள் என்று நினைத்துப் பின்வாசலில் நின்று, "மீனு," என்று கூப்பிட்டான். பதில் இல்லை. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. தரை காய்ந்திருந்தது.

"மீனூ!"

சமையல்கட்டு. பின்முற்றம். கிணறு. கிணற்றின் இரும்பு வலை பூட்டியபடி இருந்தது. இருந்தும் அதன் மேல் குனிந்து உள்ளே பார்த்தான். தண்ணீரில் அவனுடைய முகம்தான் தெரிந்தது. வெளிமாடிப் படிக்கு அடியில் பாயும் தலையணையும் போட்டு வைக்கிற சிறிய அறை ஒன்று உண்டு. அதன் கதவைத் தள்ளி, இருட்டுக்குள் தலையை நீட்டி, "மீனு! இங்கயா இருக்கே? வெளிய வா!" என்று கத்தினான். அது தன்னுடைய குரல்தானா என்று இருந்தது. பாய்கள் அடுக்கினபடி அசையாமல் இருந்தன. திரும்பி ஓடி முன்வாசலுக்கு வந்தான். எலிசாளக்கா வருகிறாளா என்று மட்டுமே அதுவரை பார்த்திருந்தவன் அப்போதுதான் கவனித்தான். எலிசாளக்கா போகிற அவசரத்தில் கேட்டின் கொண்டியை மாட்டவில்லை. ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்கு கேட் விலகிக் கிடந்தது.

கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சானல்.

அவன் கால்கள் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே மற்ற பிள்ளைகள் உறங்குகிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால் இன்னொன்று எழுந்து வெளியே வந்துவிடும். போகாமல் நின்றால், அங்கே தண்ணீரில் ஒரு பிள்ளை... அவன் கேட்டுக்கும் வாசலுக்கும் இடையில் இரண்டு தடவை ஓடித் திரும்பினான். போனை எடுத்தான். விரல் வேர்வையில் வழுக்கிப் பூட்டைத் திறக்க மாட்டேன் என்றது. கேமராவில் பார்க்கலாம் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை; ஒருவழியாக சிஜியைக் கூப்பிட்டான்.

"சிஜி, மீனுவ காணல்ல."

"காணல்லன்னா?"

"காணல்ல. நான் தனியா இருந்தேன். எலிசாளக்கா போயிருந்தாங்க. நீ வா."

மறுமுனையில் கடையின் ஷட்டர் கீழே விழும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுப் பெண் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தாள். அவளிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் சானல் கரைக்கு ஓடினான். தண்ணீர் செம்மண் நிறத்தில், கரையின் சிமெண்டைத் தொட்டுக்கொண்டு வேகமாகப் போனது. ஒரு தேங்காய் மட்டை சுழன்று சுழன்று போயிற்று. அதன் பழுப்பு நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் மீனுவின் தலைமுடி என்று நினைத்துவிட்டான்.

சிஜி வந்து சேர்ந்தபோது கேட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"ரெம்யாவ விளிச்சீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"போலீஸுக்கு?"

அதற்கும் தலையாட்டினான். கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. 'உங்க பிள்ளையைக் காணல்ல' என்கிற வார்த்தை நாக்கில் வர மாட்டேன் என்றது. சிஜியே இரண்டு பேரையும் கூப்பிட்டாள். ரெம்யாவிடம் பேசும்போது அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து வந்த அலறல் வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஆம்பிள தனியா இருந்தானா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.  அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

டே கேரில் உள்ள அபினின் அப்பா ஷிஜுவுக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது. ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில்தான் அஜீஷோடு நின்று பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். இப்போது அஜீஷின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், உறங்கிக்கொண்டிருந்த மகனைத் தூக்கினான். எல்லார் முன்னாலும் அவனுடைய சட்டையை உயர்த்தி முதுகையும் வயிற்றையும் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அங்கிள் அடிப்பாரா மோனே? வேற ஏதும் செய்வாரா?" பிள்ளை அரைத் தூக்கத்தில் அழுதது. அஜீஷ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சானலுக்கு ஓடி, அப்படியே தண்ணீரில் சாடினான். நெஞ்சளவு தண்ணீர். இழுப்பு காலை வாரியது. கரைக்கம்பியைப் பிடித்தபடி கால்களால் துழாவினான். வாழைத்தண்டு, சாக்கு, செருப்பு, எது காலில் தட்டினாலும் உயிர் போய் வந்தது. மூழ்கிக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தான். கீழ் மதகில் போட்டிருக்கும் கம்பி வலை வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அந்த வலையில் என்ன சிக்கி நிற்கும் என்று அவன் நினைக்கத் துணியவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

"கிட்டிப்போச்சு! பிள்ளை கிட்டிப்போச்சு!"

வீட்டுப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். "உயிரோடயா?" என்று அவன் திரும்பக் கத்தினான். "ஆமா, வீட்டுக்குள்ளதான்! ஒண்ணுமில்ல!"

அஜீஷ் கரையில் ஏறினான். ஒருமுறை வழுக்கி விழுந்தான். அழுகையும் சிரிப்புமாக, சேறு சொட்டச் சொட்ட ஓடினான். கேட்டில் நின்ற கூட்டம் அவனுக்கு வழி விட்டது. வழி விட்ட விதத்தில் ஏதோ இருந்தது. யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

பின்முற்றத்தில் ஷிஜு நின்றான். எதிர்வீட்டுப் பெண்ணின் தோளில் மீனு. விரிப்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, விசும்பிக்கொண்டு. ஷிஜுவின் கையில் பிள்ளையின் பாவாடையும் ஜட்டியும் இருந்தன.

"படிக்கு அடியில உள்ள ரூமுல, பாயிக்குப் பொறத்தால," என்றான் ஷிஜு. அவனுடைய குரல் மெதுவாக இருந்தது. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. "துணி இல்லாம. போர்த்தி மூடி. எப்படிடா பிள்ளை அங்க போச்சு?"

"எனக்குத் தெரியாது ஷிஜு. நான் அங்க பாத்தேன். கூப்பிட்டேன்."

"அங்க பாத்தியா? பாத்துட்டு எதுக்குடா எங்கள தண்ணிக்குள்ள தேட விட்டே?"

கன்னத்தில் அடி விழுந்தது தெரிந்தது. வலி தெரியவில்லை. சட்டைக் கழுத்தைப் பிடித்து ஷிஜு அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். கேட்டுக்கு மேலே போன்கள் உயர்ந்தன. பிள்ளை காணாமல் போனதுதான் உலகத்திலேயே பெரிய பயம் என்று சற்றுமுன்வரை அவன் நினைத்திருந்தான். இப்போது பிள்ளை கிடைத்துவிட்டது. பயம் குறையவில்லை. இது அவனுடைய மகன் ரெனி நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும் என்கிற பயம். ஜெயில் கதவின் பயம். இனி எந்தப் பிள்ளையையும் பார்த்துச் சிரிக்க முடியாது என்கிற பயம். 

சிஜிதான் நடுவில் புகுந்து ஷிஜுவின் கையை விலக்கினாள். "போலீஸ் வந்துட்டிருக்கு. அதுவரைக்கும் யாரும் கை வைக்கப்பிடாது," என்று சத்தமாகச் சொல்லி, அஜீஷைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள். ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவன் தலையைத் துவட்டும்போது பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்ன நடந்துது? எங்கிட்ட நெஜம் சொல்லுங்க."

அவன் துண்டை முகத்திலிருந்து எடுத்து அவளைப் பார்த்தான். தன்னோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள். அவளும் கேட்கிறாள்.

"ஒண்ணுக்குப் போவணும்னு கேட்டா. எலிசாளக்கா வரட்டும்னு சொன்னேன். அவ்வளவுதான் சிஜி. நான் தொடக்கூட இல்ல. தொட்டிருந்தா..." 

சிஜி அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துண்டை வாங்கி, அவன் கழுத்துச் சேற்றைத் துடைத்தாள். 

போலீஸ் ஜீப்பும் ரெம்யா வந்த ஆட்டோவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரெம்யா யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பில் வந்த பெண் போலீஸ் வயதில் இளையவள். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தாயையும் பிள்ளையையும் உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். அஜீஷை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள்.

அவன் உட்கார்ந்தான். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் வடிந்து தரையில் ஓடியது. உள்ளேயிருந்து குரல் அரைகுறையாகக் கேட்டது. பெண் போலீஸ் மலையாளத்தில் ஏதோ பாட்டு மாதிரி கேட்கிறாள். மீனு பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்கிறாள். ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரப்போகிற இரண்டு வார்த்தையில் தன் ஆயுசு முழுவதும் கிடக்கிறது என்று அஜீஷுக்குத் தோன்றியது. மூன்று வயதுப் பிள்ளை என்ன வேண்டுமானாலும் சொல்லும். யானை பார்த்தேன் என்று சொல்லும். தலையாட்டச் சொன்னால் ஆட்டும். அவள் ஆமா என்று ஒரு தடவை தலையாட்டிவிட்டால் அப்புறம் யார் எதைச் சொல்லி என்ன?

ரெம்யாவின் குரல் உயர்ந்தது. "அங்கிள் என்ன செய்தாரு மக்ளே? அம்மா அடிக்க மாட்டேன். சொல்லு."

"நீங்க கேக்காதீங்க," என்று போலீஸ்காரியின் குரல் அவளைத் தடுத்தது.

பிறகு மீனு பேசினாள். அவளுடைய கீச்சுக் குரல் சட்டென்று தெளிவாக வந்தது. "அங்கிள் ஏசினாங்க. வெளிய வான்னு. மூத்ரம் போச்சு. உடுப்பு நாறிச்சு. எலிசாள் ஆண்டி இல்ல."

"அங்கிள் மோளத் தூக்கினாரா?"

"இல்ல. அங்கிள் பொறுக்கச் சொன்னாங்க."

அஜீஷ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ஹால் கேமராவில் பதிவானதையும் அவர்கள் பார்த்தார்கள். மீனு வந்து கேட்பது, அவன் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்வது, அவள் கால்களை இடுக்கிக்கொண்டு நிற்பது, அவன் தொட்டிலுக்குப் போவது, அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவது எல்லாம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவன் தொட்டிலோரம்தான் நின்றான். பெண் போலீஸ் வராந்தாவுக்கு வந்து, கேட்டில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பிள்ளைக்கு ஒரு கேடும் இல்ல. உடுப்பு நனைஞ்சுபோச்சு, ஏச்சு கேக்கும்னு பயந்து ஒளிஞ்சு அங்கயே ஒறங்கிருக்கு." பிறகு அஜீஷின் பக்கம் திரும்பினாள். "ஒரு கார்யம் கேக்கட்டா? நீங்க ஏன் கொண்டு போகல்ல?"

 ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த எலிசாளக்கா கேட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரெம்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.  ஷிஜு கையிலிருந்த துணியை வராந்தாக் கம்பியில் போட்டுவிட்டு, அபினைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டான்.

அடிபட்ட வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. போலீஸ்காரி சொன்னதை யாரும் வீடியோ பிடித்துப் போடவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு நர்ஸின் பிள்ளை மட்டும் வந்தது. அஜீஷ் கேட்டைத் திறந்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி வாசலோரம் ஒதுங்கி நின்றான். போன் அடித்தால் எடுக்கவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கிண்ணம் நழுவியது. ஜங்ஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்று மீன் வாங்குவதையே விட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டான். ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தை திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வார முடிவில் பிள்ளைகளை நிறுத்தியவர்களில் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். ஷிஜுதான் பேசினான். அடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணையும் நேராகப் பார்க்கவில்லை.

"எங்களுக்கும் வேற எடமில்ல அண்ணா. பிள்ளைக இங்கதான் கேக்குது. ஒரு கார்யம் செய்யுங்க. டே கேர சிஜியக்கா பேருக்கு மாத்துங்க. போர்டுலயும் அவங்க பேரு. நீங்க சாமான் வாங்குறது, வண்டி பாக்குறதுன்னு வெளிய நின்னாப் போதும். பிள்ளைகளுக்க எடத்துக்கு வராதீங்க. எல்லாரும் நாளைக்கே கொண்டு விட்டுருவோம்."

அஜீஷுக்கு அந்தக் கணம் 'சரி' என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொல்லிவிட்டால் இந்தப் பயம் தீரும். கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ளலாம். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அவன் சிஜியைப் பார்த்தான்.

"என் பேருல போட்டா பிள்ளையள யாரு பாப்பா?" என்று சிஜி கேட்டாள். "நான் காலையில கடை தொறந்தா ராத்திரிதான் வருவேன்."

"பேருக்குத்தானே அக்கா."

"பேருக்கு!" சிஜி சிரித்தாள். சிரிப்பில் கோபம் இருந்தது. "கடை ஏஜென்சி எடுக்கும்போ கம்பெனிக்காரன் ஆம்பிள பேரு வேணும்னான். இவரு பேரக் குடுத்தேன். இவருக்கு ஒரு பேட்டரிய மாட்டத் தெரியாது. எனக்கு ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாது, எம்பிள்ளைக்கே இவருதான் ஊட்டினாரு. கடைக்கு இவரு பேரு, இங்க என் பேரா? நான் போடமாட்டேன் ஷிஜு. வேணும்னா கொண்டு விடுங்க. வேண்டாம்னா விடாதீங்க."

அவர்கள் எழுந்து போனார்கள். அஜீஷ் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். "நீயே அன்னைக்குக் கேட்டியே," என்றான்.

"கேட்டேன்," என்றாள் சிஜி. "கேக்காம உள்ளுக்குள்ள வச்சிருந்தா இன்னைக்கு இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அவனும் நினைத்தான். அது முடியவில்லை.

நாட்கள் போயின. எலிசாளக்காவுக்குத் துணையாக சிஜியின் சித்தி மகள் ஒருத்தி வரத் தொடங்கினாள். ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அபின் வரவில்லை.

பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில் ரெம்யா கேட்டில் நின்றாள். கையில் மீனு. தோளில் பிள்ளையின் பை. அவளைக் கண்டதும் அஜீஷ் புதிதாகப் புகார் எதுவும் வந்திருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தான்.

"எங்கம்மா வீட்டுல விட்டேன். அவங்களுக்கு முடியல்ல," என்றாள் ரெம்யா. "வேற ரெண்டு எடம் பாத்தேன். ஒரு எடத்துல டிவி போட்டு உக்கார வச்சிருக்காங்க. இவ அங்கிளு அங்கிளுன்னு அழுது சாடுதா."

அவன் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டான்.

"அண்ணா, எனக்கு உங்க மேல சந்தேகம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு இருந்துது. பொய் சொல்லமாட்டேன். ஆனா கோவம் இருக்கு. அந்த கேமராவுல எம்பிள்ளை கால இடுக்கிட்டு நிக்குததை நான் எத்தன தடவ பாத்திருப்பேன். நீங்க கேட்டப் பாத்துட்டே இருக்கீங்க. ஒரு பொம்பள இருந்தா கொண்டு போயிருப்பால்லா?"

"கொண்டு போயிருப்பா."

"உங்களுக்கு ஏன் முடியல்ல?"

"பயம் ரெம்யா," என்றான். அந்த வார்த்தையை அவன் இதுவரை சிஜியிடம்கூடச் சொன்னதில்லை. "யாராவது பாத்துட்டா என்ன நெனப்பாங்கன்னு பயம். இப்பவும் இருக்கு. அன்னையவிட அதிகமா இருக்கு. அதனால நீ நல்லா ஆலோசிச்சு விடு."

ரெம்யா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பஸ்ஸின் ஹாரன் ஜங்ஷன் பக்கம் கேட்டது. "எனக்கும் பயந்தான்," என்றாள். "ஆனா எனக்கு வேலைக்குப் போணும். நீங்களும் பயந்துகிட்டாவது அவள கொண்டு போங்க. நனைய விடாதீங்க." பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மீனு அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அஜீஷ் அனிச்சையாகத் தலை நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டுப் பெண் முற்றம் பெருக்குவதை நிறுத்திவிட்டு, துடைப்பத்தோடு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  விரலை உருவிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

"அங்கிள், இன்னைக்குத் தோசையா?" என்றாள் மீனு.

"உப்புமா மோளே," என்றான்.  எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டே நிற்க, அவன் பிள்ளையோடு உள்ளே நடந்தான்.